மருந்து என்னும் சொல்லும் மரணக் கணக்கும்: கேமரன் மலைத் தோட்டங்களை முன்வைத்து

இப்பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் இனிமையானதன்று. மனிதர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்வதையும் தம்மைத் தாமே கெடுத்துக்கொள்வதையும் அரசுகளும் மருத்துவர்களும் எவ்வாறு எண்ணி வந்துள்ளனர், அந்த எண்களைக் கொண்டு ஓர் இனத்தாரை மற்றோர் இனத்தாரோடு எவ்வாறு ஒப்பிட்டு வந்துள்ளனர் என்பதே அப்பொருள். இதனை மருத்துவரோ சமூகவியலாரோ பேசுவதுதான் முறை; மொழியியலைத் தொழிலாகக் கொண்டிருந்த நமக்கு இங்கே என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். எண்ணுவதற்கு முன் பெயரிட்டாக வேண்டும். ஒரு சாவு எந்தத் தலைப்பின்கீழ் எழுதப்படுகிறதோ அந்தத் தலைப்பின்கீழ்தான் கூட்டப்படும். அந்த அளவில் இது மொழியைப் பற்றிய பொருளும் ஆகிறது.

1988ஆம் ஆண்டில் பிரித்தானிய உளமருத்துவ ஆய்விதழில் மனநல மருத்துவர் டி. மணியம் ஒரு கட்டுரை வெளியிட்டார். மலேசியாவின் மலைவாசத்தலம் ஒன்றில் நிகழ்ந்த தற்கொலைகளையும் தற்கொலை முயற்சிகளையும் பற்றியது அது. அம்மலைவாசத்தலம் பகாங் மாநிலத்துக் கேமரன் மலை. அங்கு வாழும் இனத்தாருள் இந்தியர்களே மிகுதியான இடர்ப்பாட்டில் இருக்கின்றனர் என்பதும், வேளாண் நச்சுப்பொருள்களே பெரும்பாலும் பயன்பட்டுள்ளன என்பதும் அதன் முடிவுகள். கேமரன் மலை என்றவுடன் நம் நினைவுக்கு வருவன தேயிலைச் சரிவுகளும் குளிரும் செம்புற்றுப் பழங்களும்தாம். அந்தச் சரிவுகளில் குடியிருப்போரைப் பற்றி அறிவியல் முறையில் எழுதப்பட்ட கட்டுரைகளைத் தேடப் புகுந்தால் முதலில் எதிர்ப்படுபவற்றுள் இது ஒன்று. மலேசியத் தமிழர் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களுள் இதனை அறிந்தோர் மிகச் சிலரே என்பது நமக்கு வியப்பைத் தருகிறது.

அம்மலையின் வரலாறு குறுகியது. நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885இல் அப்பகுதியைக் கண்டு குறித்ததனால் அவர் பெயர் அதற்கு ஏற்பட்டது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். பின்னர் வேறு தோட்டங்களும் எழுந்தன. போ, சுங்கை பாலாஸ், ஃபேர்லி, புளூ வேலி, பாரத் ஆகிய பெயர்கள் இன்று சுற்றுலா வருவோருக்கும் தெரிந்தவை. மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இலேயே கைவிடப்பட்டது. ஆகவே இம்மலைக்கு ஏறிவந்தோர் கங்காணி முறையாலும் அதன்பின் தம் விருப்பாலும் வந்தோர். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் அனுப்புவதைத் தடுத்துவிட்டது. அதற்குப்பின் தோட்டத்து மக்கள் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். லயத்து வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி, தண்டலின் காலை அழைப்பு, கிராணியின் பேரேடு எனச் சுற்றி வளைத்த ஓர் உலகம். பள்ளத்தாக்குகளிலும் சாலையோரங்களிலும் காய்கறி பயிரிட்டோர் பெரும்பாலும் சீனர். தேயிலைச் சரிவிலும் காய்கறித் தோட்டத்திலும் ஒன்று பொதுவாக இருந்தது. அதுதான் மருந்து.

இச்சொல்லில் சற்றே நிற்போம். தோட்டப்புறத்துப் பேச்சுவழக்கைத் தொகுக்கும் பணியில் நாம் பல ஆண்டுகள் ஈடுபட்டிருந்தோம். தொழிற்சொற்களுள் அடிக்கடி காதில் விழுந்தவை மருந்தடித்தல், புல் மருந்து, பூச்சி மருந்து, மருந்துத் தோம்பு என்பன. பூச்சிகொல்லி, களைக்கொல்லி ஆகியவை பாடநூற்சொற்கள். வாயில் வழங்குவது மருந்தே. தமிழகத்துச் சிற்றூர்களிலும் இதே வழக்குத்தான். ஒருவர் நஞ்சருந்திவிட்டார் என்னும் செய்தியும் இந்தச் சொல்லாலேயே சொல்லப்படும்: "மருந்தைக் குடிச்சிட்டான்." கேட்பவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. அதே வீட்டில் காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்துதான். ஆயினும் மருந்து சாப்பிடுதல் வேறு, மருந்து குடித்தல் வேறு என்பதைத் தமிழ் பேசும் குழந்தையும் அறியும்.

இது இன்று நேர்ந்த பிறழ்ச்சியன்று. திருக்குறளில் நோய் தீர்க்கும் பொருளில் மருந்துக்கென ஓர் அதிகாரமே உண்டு. ஆனால் பேச்சுவழக்கில் ஒருவரை வசப்படுத்தவோ கெடுக்கவோ உணவில் கலந்து வைப்பதும் மருந்துதான். துப்பாக்கியில் இடுவதும் மருந்துதான். சிறு அளவில் பெரு விளைவைத் தருவது எதுவோ அதனை இச்சொல் குறித்து வந்துள்ளது என்று கொள்ளலாம். வேளாண் நஞ்சுகள் வந்தபோது இச்சொல் அவற்றை எளிதாக ஏற்றுக்கொண்டது. சீன மொழியிலும் இவ்வாறே. அவர்கள் அதனை உழவு மருந்து என்னும் பொருள்படவே அழைக்கின்றனர். மலாய்மொழி மட்டும் ஒளிவுமறைவின்றி ராச்சுன், அதாவது நஞ்சு, என்கிறது. களைக்கொல்லி ராச்சுன் ரும்புட்; பூச்சிகொல்லி ராச்சுன் செராங்கா.

இப்போது ஒரு தோட்டத்துத் தாய் காவல் நிலையத்தில் வாக்குமூலம் தருவதாக எண்ணிப் பாருங்கள். மகள் மருந்து குடித்துவிட்டாள் என்கிறார். அதனை எழுதுபவர் மலாயில் எழுதுகிறார். ராச்சுன் குடித்தாள் என்று எழுதினால் ஒரு பொருள். ஊபாட் குடித்தாள் என்று எழுதினால் அது நோய்க்கான மருந்து, வேறொரு பொருள். தாய் சொன்னதில் நோக்கம் பற்றிய சொல்லே இல்லை. சாகக் குடித்தாளா, மிரட்டக் குடித்தாளா, இருட்டில் புட்டி மாறிற்றா என்பவற்றுள் எதையும் அவ்வாக்கியம் சொல்லவில்லை. தமிழில் தற்கொலை என்னும் பெயர்ச்சொல்லைச் சொன்னால்தான் 'செய்துகொண்டாள்' என்னும் தற்சுட்டுத் துணைவினை வருகிறது. கொள் என்பதே பொறுப்பை அவள்மேல் வைக்கிறது. 'குடித்துவிட்டாள்' என்பதில் வருவது விடு. அது முடிந்துபோன ஒன்றைப் பற்றிய துயரத்தைக் காட்டுகிறதேயன்றி நோக்கத்தைக் காட்டுவதில்லை. தோட்டத்து மக்கள் முதல் சொல்லை அரிதாகவே ஆளுகின்றனர். அது செய்தித்தாளின் சொல், காவலரின் சொல். அதனுள் கொலை இருக்கிறது.

நம் பழைய இலக்கியத்தில் தம்முயிர் நீத்தோர் பலர் உள்ளனர். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தான், பெருங்கோப்பெண்டு தீப்புகுந்தாள், நவகண்டம் கொடுத்த வீரர் சிற்பங்கள் தமிழகத்தில் ஆங்காங்கே உள்ளன. இலக்கியம் செயலின் வகையையும் காரணத்தையும் பெயரிட்டது. அவற்றையெல்லாம் ஒரே பெயரில் அடக்கிக் கூட்டல் போடும் தேவை புலவருக்கு இல்லை. அத்தேவை பேரேடு வைப்பவருக்கே ஏற்பட்டது. இத்தகைய மேற்கோள்களைக் காட்டித் தமிழர்க்கு உயிர் துறத்தல் பண்பாட்டிலேயே உண்டு என்று வாதிடும் கட்டுரைகளை நாம் படித்திருக்கிறோம். மன்னனின் வடக்கிருத்தலுக்கும் சம்பளத்தாளில் கடன் கழிக்கப்பட்ட கொழுந்து பறிப்பவரின் சாவுக்கும் தொடர்பு காண்பது ஆராய்ச்சியாகாது.

தமிழரின் சாவுகளை இனவாரியாக எண்ணிப் பேரேட்டில் எழுதும் பழக்கம் தோட்டங்களோடு தோன்றியது. மொரீசியசு முதல் பிஜி வரை ஒப்பந்தக் கூலிகள் சென்ற குடியேற்றங்களிலெல்லாம் குடியேறுவோர் பாதுகாவலர் என்னும் அதிகாரி இருந்தார். அவர் ஆண்டறிக்கையில் பிறப்பு, இறப்பு, ஓட்டம், தண்டனை ஆகியவற்றோடு தற்கொலையும் ஒரு கட்டமாக இடம்பெற்றது. பிஜியில் அக்கட்டத்தின் எண் பெருகிக்கொண்டே போயிற்று. முதல் உலகப்போருக்குச் சற்று முன் இந்திய அரசு அனுப்பிய மக்னீல், சிம்மன்லால் ஆகியோரின் அறிக்கை குடியேற்றங்களை ஒப்பிட்டது. பிஜியின் ஒப்பந்தக் கூலிகளிடையே பத்து லட்சம் பேருக்கு ஆண்டுக்குத் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட தற்கொலைகள். சென்னை மாகாணத்திலோ பத்து லட்சத்துக்கு ஐம்பதுக்கும் குறைவு. 1916இல் சி. எஃப். ஆண்ட்ரூசும் பியர்சனும் இவ்வெண்களை ஒப்பந்த முறைக்கு எதிரான சான்றாக இந்திய மக்கள்முன் வைத்தனர். 'கரும்புத் தோட்டத்திலே' என்னும் பாரதியாரின் பாட்டு எழுந்த சூழலும் அதுதான்.

பிஜி எண்களில் நாம் கற்க வேண்டியது அவற்றின் அளவு மட்டுமன்று, அவற்றுக்குச் சொல்லப்பட்ட விளக்கமும் ஆகும். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற விகிதத்தில் ஆளெடுத்த அதிகாரிகளே, தற்கொலைக்குக் காரணம் பெண்களைப் பற்றிய இந்தியரின் பொறாமை என்று எழுதினர். எண் சரியாக இருக்கலாம். அதன்மேல் ஒட்டப்பட்ட பெயர் ஓர் இனத்தின் குணம் ஆகிவிட்டது. வரலாற்றறிஞர் பிரிஜ் லால் 1985இல் எழுதிய கட்டுரையில்தான் இவ்விளக்கம் முறையாக மறுக்கப்பட்டது. இங்கு இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மேற்சொன்ன ஒப்பீட்டில் ஒருபுறம் இருப்பவர் பெரும்பாலும் உழைக்கும் வயதுடைய ஆண்கள். மறுபுறம் குழந்தையும் கிழவரும் அடங்கிய ஒரு மாகாணம். இருபுறமும் வயதை ஒத்துப் பார்த்தால் வேற்றுமை குறையும், மறைந்துவிடாது. சென்னை மாகாணத்துச் சிற்றூரில் நிகழ்ந்த சாவு பதிவாகாமற்போவது எளிது. பிஜித் தோட்டத்தில் ஒரு கூலி இறந்தால் முதலாளிக்கு ஓர் ஆள் குறைகிறது, அது கட்டாயம் எழுதப்படும். உடைமையாகக் கருதப்பட்டவரின் சாவு துல்லியமாக எண்ணப்பட்டது என்பது கசப்பான உண்மை.

மலேசியாவின் நிலை இதற்கு நேர் எதிரானது. இங்கே எண் குறைவாகத் தோன்றுவதுதான் சிக்கல். மணியம் 1995இல் வேறொரு கட்டுரை எழுதினார். 1966 முதல் 1990 வரையிலான மலேசிய இறப்புப் பதிவுகளைப் பார்த்து, தற்கொலை என்ற தலைப்பிலுள்ள எண்ணையும் 'காரணம் துணியப்படாத வன்மரணம்' என்ற தலைப்பிலுள்ள எண்ணையும் அவர் அருகருகே வைத்தார். தற்கொலைகள் பல இரண்டாம் தலைப்பின்கீழ்ச் சென்று ஒளிந்துகொள்கின்றன என்பது அவர் முடிவு. அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் மலேசியாவின் உண்மை வீதம் நூறாயிரம் பேருக்கு 8 முதல் 13 வரை இருக்கலாம் என்று அவர் மதிப்பிட்டார். பின்னர் 2007இல் சுகாதார அமைச்சு தேசியத் தற்கொலைப் பதிவகத்தைத் தொடங்கியது. அரசு மருத்துவமனைகளின் தடயவியல் துறைகள்வழி வந்த சாவுகளே அதில் இடம்பெற்றன. 2009ஆம் ஆண்டுக்கு அது பதிந்தவை 328. நூறாயிரம் பேருக்கு ஏறத்தாழ 1.2. ஒரே நாட்டுக்கு இருபது ஆண்டு இடைவெளியில் 1.2 என்றும் 8 முதல் 13 என்றும் இரு மதிப்பீடுகள். மக்களின் மனம் இவ்வளவு மாறிவிட்டது என்று எவரும் கொள்ளமாட்டார். மாறியது எண்ணும் வாயில்.

அவ்வாயிலில் பலர் நிற்கின்றனர். மலேசியாவில் மருத்துவர் சான்றளிக்காத இறப்புகள் நெடுங்காலம் பெரும்பங்காக இருந்தன. வீட்டில் நிகழ்ந்த சாவுக்குக் குடும்பத்தார் சொன்ன காரணமே ஏட்டில் ஏறியது. தண்டச் சட்டத்தின் 309ஆம் பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கி ஓராண்டுவரை சிறையோ அபராதமோ விதிக்க இடந்தந்தது. அத்துடன் சடங்கு பற்றிய அச்சம், வீட்டிலுள்ள இன்னொரு பெண்ணின் திருமணம், காப்புறுதிப் பணம், ஊர்வாய். குடும்பம் என்ன சொல்லும்? தமிழகத்துச் செய்தித்தாள் படிப்போர் அறிந்த வாய்பாடுகள் சில உண்டு. இளம்பெண் இறந்தால் தீராத வயிற்றுவலி. தீயில் இறந்தால் அடுப்பு வெடித்தது. அவ்வளவு பேருக்கு வயிற்றுவலி தீராமல் இருந்திருக்க இயலாது.

குடும்பத்தாரிடம் அவர்களுக்குப் பழகியவரே சென்று, அவர்கள் மொழியிலேயே கேட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஓர் அரிய சான்று உள்ளது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி கணியம்பாடி ஒன்றியத்தில் நெடுங்காலமாகச் சுகாதாரப் பணி செய்து வருகிறது. ஏறத்தாழ 1,08,000 மக்கள் வாழும் அப்பகுதியில் ஒவ்வொரு சாவையும் உள்ளூர்ப் பணியாளர் பதிந்து, வீட்டாரிடம் நிகழ்ந்ததைக் கேட்டுக் காரணத்தைத் துணிந்தனர். வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை என்று இதனைச் சொல்லலாம். 1994 முதல் 1999 வரையான கணக்கில் தற்கொலை வீதம் நூறாயிரத்துக்கு 95.2. இந்தியாவின் அரசுக் கணக்குச் சொன்னதைப் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு. 10 முதல் 19 வயது வரையான பெண்களிடையே அது 148 என்று 2004இல் லான்செட் இதழில் வந்த கட்டுரை கூறிற்று. கணியம்பாடி மக்கள் பிறரைவிட ஒன்பது மடங்கு துயருற்றவர் என்று இதற்குப் பொருளாகாது. அங்கே கேட்பதற்கு ஆள் இருந்தார் என்பதே முதற்பொருள். பின்னர் இதே முறையை நாடு தழுவிய மாதிரியில் கையாண்டபோது 2010ஆம் ஆண்டுக்கு இந்தியாவில் ஏறத்தாழ 1,87,000 தற்கொலைச் சாவுகள் என மதிப்பிட்டனர். காவல்துறைக் கணக்கோ ஏறத்தாழ 1,35,000.

எமில் துர்க்கெய்ம் 1897இல் தற்கொலை பற்றிய தம் நூலை எழுதியபோது கத்தோலிக்கரையும் சீர்திருத்தச் சபையாரையும் அரசுக் கணக்குகளைக் கொண்டே ஒப்பிட்டார். 1967இல் ஜாக் டக்ளஸ் அதனை மறுத்து, எந்தச் சமூகத்தில் மறைக்க வேண்டிய தேவை மிகுதியோ அங்கே எண் குறையும் என்று எடுத்துக்காட்டினார். இவ்வாதம் மலேசியாவுக்கு நன்கு பொருந்தும். 2009ஆம் ஆண்டுப் பதிவகக் கணக்கில் இந்தியர் தம் மக்கள்தொகைப் பங்கைவிடப் பலமடங்கு மிகுதியாகத் தோன்றுகின்றனர். மக்கள்தொகையில் அவர் நூற்றுக்கு ஏழு பேர் அளவே. எல்லா இனத்தாரும் ஒரே அளவில் மறைப்பதில்லை. ஆதலின் வேற்றுமையில் ஒரு பகுதி மறைப்பின் வேற்றுமையாக இருக்கலாம். முழுதும் அதுவே என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நாம் விரும்பவில்லை. மலையிலும் நாட்டளவிலும், வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு முறைகளில் எண்ணியும் ஒரே இனம் மேலே நிற்கிறது என்றால் அங்கே உண்மையான துன்பம் இருக்கிறது.

இனி வகுக்கும் எண்ணைப் பார்ப்போம். நூறாயிரத்துக்கு இத்தனை என்னும் வீதம் பெரிய நகரத்துக்குப் பொருந்தும் அளவுக்குச் சிறிய மலைக்குப் பொருந்தாது. ஓர் இனத்தார் ஐயாயிரம் பேரே உள்ள ஊரில் ஓராண்டில் ஒருவர் இறந்தால் வீதம் 20. இருவர் இறந்தால் 40. எவரும் இறக்காவிடில் சுழி. ஒரு குடும்பத்தின் ஒரு மாலைப்பொழுது அந்த ஆண்டின் வீதத்தை இரட்டிப்பாக்கிவிடும். ஆகவே இத்தகைய இடத்தில் பல ஆண்டுகளைச் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு ஏறிற்று, இறங்கிற்று என்று எழுதுவது பொருளற்றது. மலைக்கே உரிய மற்றொரு சிக்கலும் உண்டு. கேமரன் மலை பகாங்கைச் சேர்ந்தது. ஆனால் அங்கிருந்து பழைய சாலை இறங்குவது பேராக் மாநிலத்துத் தாப்பாவுக்கு. பெருநோயாளியைக் கீழே ஈப்போவுக்குக் கொண்டு செல்லுதல் வழக்கம். அங்கே ஒருவர் உயிர் பிரிந்தால், மலையின் மருத்துவமனைப் பேரேட்டை மட்டும் பார்ப்பவர் அவரைப் பிழைத்தவராகவே எண்ணக்கூடும்.

இந்தியர் என்னும் பெயரும் ஒரு வகுக்கும் எண்தான். நீரிணைக் குடியேற்றங்களின் 1871, 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புகளில் நம்மவர் கிளிங் என்று குறிக்கப்பட்டனர்; 1891இல் 'தமிழரும் பிற இந்திய நாட்டினரும்' ஆயினர்; இருபதாம் நூற்றாண்டில் இந்தியர் ஆயினர். ஈப்போ நகரத்து வழக்கறிஞரும் சுங்கை பாலாஸ் கொழுந்து பறிப்பவரும் இப்பெயருக்குள் ஒன்றாகிவிடுகின்றனர். மருத்துவர்கள் இனவாரியாக எண்ணுவதற்குக் காரணம் படிவத்தில் இனத்துக்கு ஒரு கட்டம் இருப்பதே. லயத்தில் வாழ்பவரா, மருந்தடிப்பவரா, வேலை போனால் வீடும் போகுமா என்பவற்றுக்குக் கட்டங்கள் இருந்திருந்தால் வேறொரு ஒப்பீடு கிடைத்திருக்கும். கட்டம் இல்லாதது கணக்கில் வாராது. கணக்கில் வாராதது காரணமாகவும் கருதப்படாது.

இலங்கையின் வரலாறு இதற்குத் துணை செய்கிறது. அங்கே 1950ஐ அடுத்துத் தற்கொலை வீதம் ஏறிக்கொண்டே சென்று 1995இல் நூறாயிரத்துக்கு 47ஐத் தொட்டது. உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. 1995இல் மிகக் கொடிய வேளாண் நஞ்சுகளின் இறக்குமதி தடுக்கப்பட்டது. 1998இல் எண்டோசல்ஃபானும் தடுக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டுக்குள் வீதம் ஏறத்தாழப் பாதியாயிற்று. போரும் வேலையின்மையும் அக்காலத்தில் நின்றுவிடவில்லை. சிங்களரின் குணமோ தமிழரின் குணமோ பத்தாண்டில் மாறிவிடவுமில்லை. கையெட்டும் தொலைவில் இருந்த பொருள் மாறியது. தமிழகத்தில் காட்டுமன்னார்கோயில் பகுதிச் சிற்றூர்களில், மருந்தை வீட்டில் வைக்காமல் பொது அறையில் பூட்டி வைக்கும் ஏற்பாட்டைச் சென்னை சிநேகா அமைப்பைச் சேர்ந்த லட்சுமி விஜயகுமார் முதலியோர் செய்து பார்த்து, பயன் கண்டு 2013இல் எழுதினர். மலேசியாவில் பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை 2002இல் விலக்க முடிவு செய்து, 2006இல் அம்முடிவைத் தளர்த்தி, 2020 சனவரி முதல்தான் முற்றாகத் தடுத்தனர். இடைப்பட்ட ஆண்டுகளில் தோட்டங்களில் அதனை அடித்தவர்களுள் பெண்களே மிகுதி. அவர்களின் உடல்நிலை பற்றித் தெனாகனித்தா அமைப்பு 2002இல் ஒரு அறிக்கையே வெளியிட்டது.

இங்கு ஒரு தடை எழும். மருந்து கையருகே இருப்பதே காரணமாயின் சீனக் காய்கறி விவசாயிகளும் அதே அளவு இறந்திருக்க வேண்டுமே? நியாயமான தடைதான். பொருள் ஒன்றாயினும் வாழ்க்கை ஒன்றன்று. தன் நிலத்தில் தன் பயிருக்கு அடிப்பவருக்கும் பிறர் நிலத்தில் நாட்கூலிக்கு அடிப்பவருக்கும் வேறுபாடு உண்டு. மணியம் தாமும் இவ்வினாவை விடவில்லை. தற்கொலையால் இறந்தவர்களின் குடும்பங்களையும் அதே மலையின் பிற குடும்பங்களையும் ஒப்பிட்டுப் பின்னர் ஓர் ஆய்வு செய்தார். இனத்தை இனத்தோடு ஒப்பிடுவதை விட்டு, ஒரே இனத்துக்குள் வீட்டை வீட்டோடு ஒப்பிடும் முறை அது. நம் மதிப்பில் அவர் செய்தவற்றுள் அதுவே சிறந்த அடி.

தன்னழிவு என்றால் ஒரே நாளில் நிகழ்வது மட்டுமன்று. கள்ளும் சம்சுவும் மெல்லக் கொன்றவை. அவ்வாறு இறந்தவர் ஈரல் நோயில் இறந்தவராகவே எழுதப்பட்டனர். குடியும் தமிழரின் குணம் என்று சொல்லப்பட்டதுண்டு. அதே காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை நடத்த நிர்வாகங்களுக்கு உரிமம் இருந்தது. கள்ளால் அரசுக்கு வருவாயும் இருந்தது. இதனை எதிர்த்தவர்களும் தோட்டத் தமிழரே. கெடா மாநிலத்தில் தொண்டர் படை கள்ளுக்கடை மறியல் செய்தது. 1947இல் பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் காவலரோடு மோதல் ஏற்பட்டது. கள் குறைந்தபின் சம்சு வந்தது. அதனைப் பற்றிப் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் விடாமல் எழுதி வந்தது. குடித்தவர் தொகையை எண்ணிய அறிக்கைகள் பல உண்டு. மறியலில் நின்றவர் தொகையை எந்தச் சுகாதார அறிக்கையும் எண்ணியதில்லை. அதுவும் ஓர் இனத்தின் நடத்தைதான்.

ஆசிரியர்களுக்கு நேரடியாகத் தொடர்புடைய கணக்கு ஒன்று எஞ்சியுள்ளது. மலேசியாவின் தேசியச் சுகாதார, நோய்நிலை ஆய்வு இடைநிலைப்பள்ளி மாணவரிடம் தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்கிறது. 2012இல் ஆமென்றோர் நூற்றுக்கு 7.9, 2017இல் 10.0, 2022இல் 13.1. இவ்வேற்றம் கவலைக்குரியது. ஆயினும் வினாவின் சொற்களையும் பார்த்தல் வேண்டும். உலகெங்கும் பயன்படும் ஒன்பது வினா மனச்சோர்வுப் படிவத்தின் கடைசி வினா, இறந்துபோனால் நன்று என்ற எண்ணமோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா என்று ஒரே மூச்சில் கேட்கிறது. தமிழில் இவை இரண்டும் வெவ்வேறு உலகங்கள். "செத்துத் தொலையலாம்போல இருக்கிறது" என்று வெயிலில் நடந்து களைத்தவரும் சொல்வார். "இனி இருந்து என்ன ஆகப்போகிறது" என்பது குரல் உயராமல் சொல்லப்படும். அதில் சாவு என்னும் சொல்லே இல்லை. அதனைக் கேட்ட ஆசிரியர் அன்றே அம்மாணவரைத் தனியே அழைத்துப் பேச வேண்டும். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம். அவ்வாறு கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை என்பது உளமருத்துவர் பலரும் உறுதிப்படுத்தியது.

309ஆம் பிரிவை மலேசிய நாடாளுமன்றம் 2023இல் நீக்கியது. இலங்கை 1998இலேயே நீக்கிவிட்டது. சிங்கப்பூரில் நீக்கம் 2020இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் முயன்றவரைத் தண்டனையிலிருந்து காத்தது. இனி மலேசியாவில் மருத்துவமனைக்கு வருவோர் சிறைக்கு அஞ்சி வாய்மூட வேண்டியதில்லை. ஆகவே வரும் ஆண்டுகளில் முயற்சிகளின் எண் உயரக்கூடும். இந்தியரின் எண்ணும் உயரக்கூடும். செய்தித்தாள்கள் அதனை ஓர் இனத்தின் நோயாக எழுதும் நாளில், அந்த எண் எந்த வாயிலால் வந்தது, எந்த ஆண்டோடு ஒப்பிடப்பட்டது, யார் யாரிடம் எந்த மொழியில் கேட்டார் என்று வினவ மேல்நிலை வகுப்பு மாணவருக்குப் புள்ளியியல் பாடத்திலேயே பயிற்சி தரலாம். கேமரன் மலையின் கட்டுரை அதற்கு நல்ல பாடப்பொருள். எளிய பெருக்கல் வகுத்தலுக்கு மேல் அதற்கு எதுவும் தேவையில்லை.